ஆறுச்சாமியின் வாயை மூட ஒரு பாஸ்வேர்டு வேண்டும்

பல்லடம்,
செவ்வாய்க்கிழமை, மத்தியானம்.

பாசமும் மரியாதையும் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிற அருள்குமார் அண்ணனுக்கு, சித்தி மகள் அக்ஷயா எழுதிக்கொண்டது.

இங்கே நான், அம்மா, அப்பா, வீட்டை ஒட்டிய ஷெட்டில் நான்கு தறிகள், எல்லோரும் சுகமாக ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே பெங்களூரில் நீங்களும் கீதா அண்ணியும் பாப்பாவும் சுகம் என்று தெரியும். அண்ணி தினமும் ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா என்று அம்மா கேட்கச் சொன்னார்கள். கேட்டுவிட்டேன். அத்தோடு மரியாதை முடிந்தது. இனிமேல் வருவதெல்லாம் கோபம்.

போன் பண்ணாமல் இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போன் மூன்று தடவை பண்ணினேன். எதிர்ப்பக்கம் யாராவது 'ஹலோ' என்றால் எனக்குத் தொண்டையில் நூல் சிக்கிக்கொள்ளும் என்பது உங்களுக்கே தெரியும். முதல் தடவை 'ம்' என்றேன். "மீட்டிங்ல இருக்கறேன் அம்மிணி" என்று வைத்துவிட்டீர்கள். இரண்டாவது தடவை 'அண்ணா, டிஸ்க்கு' வரைக்கும் வந்துவிட்டேன். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு கண்ணு" என்று வைத்துவிட்டீர்கள். மூன்றாவது தடவை அண்ணி எடுத்து, சமையலில் இருப்பதாகச் சொல்லிப் போனைப் பாப்பா கையில் கொடுத்துவிட்டார்கள். பாப்பாவிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். மொத்தக் குடும்பத்திலும் குறுக்கே பேசாமல் கேட்டது அவள் ஒருத்திதான். ஆனால் அவளுக்கு ஒன்றரை வயதுதான் ஆகிறது. கடைசியாக வாட்ஸப்பில் மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். நீங்கள் ஒரு கட்டைவிரலை அனுப்பினீர்கள். மூன்று பக்கத்துக்கு ஒரு கட்டைவிரல்! அந்த விரலை நேரில் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதனால்தான் தபால். தபாலுக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். பதினொன்றாம் வகுப்பில் வாரம் ஒருத்தர் வகுப்பின் முன்னால் நின்று பத்து நிமிடம் பேச வேண்டும் என்றார்கள். என் முறைக்கு முந்தின நாளோடு நான் பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அப்பா கெஞ்சினார், டீச்சர் வீட்டுக்கே வந்தார், நான் தறியில் இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அப்போது நீங்கள்தான், 'இவளுக்குக் கை நல்லா ஓடுது, வாய்தான் ஓடலை' என்று சொல்லி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அழகிரிசாமி முதலாளியின் போட்டோ ஸ்டூடியோவில் சேர்த்துவிட்டீர்கள். உள்ளறை, சாத்துவதற்கு ஒரு கதவு, ஒரு கம்ப்யூட்டர். கல்யாணப் படங்களை ஆல்பமாகப் பக்கம் பக்கமாக அமைக்கிற வேலை. யாரும் என்னைப் பேசச் சொன்னதில்லை. இரண்டு வருடமாக அந்த நாற்காலி எனக்குப் பள்ளிக்கூடத்தைவிடப் பெரிய இடம். அதற்கு நன்றி. நன்றியை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கீழே இடம் இருக்காது.

அப்படி ஒரு நாற்காலியைக் கொடுத்துவிட்டு, அதற்கு அடியில் நீங்களே குழி தோண்டலாமா அண்ணா?

முதலாளியின் குணம் உங்களுக்குத் தெரியும். தங்கமான மனிதர், சுவிட்சைக் கண்டால் மட்டும் கை சும்மா இருக்காது. பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருகிறவர் கண்ணைச் சிமிட்டினால் அந்த நேரத்துக்கு விளக்கை அணைத்துவிடலாமா என்று பார்ப்பார். டீ குடிக்கும்போது ஃபேனை நிறுத்திவிட்டு 'டீ ஆறிப்போகுமல்ல' என்பார். அப்படிப்பட்டவரிடம் நீங்கள் பொங்கல் லீவுக்கு வந்த அன்று பேசிய பேச்சை, கையில் டீத் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒரு எழுத்துகூட மறக்கவில்லை.

"ஏனுங் தம்பி, இந்தப் பொட்டி நாளெல்லாம் ஓடுது. கரண்டு இழுக்காதுங்களா?"

"இழுக்குமுங்க. உள்ள டிஸ்க்கு சுத்திக்கிட்டே இருக்குதல்லங்க. சும்மா இருக்கறப்ப அதுவா நிக்கற மாதிரி ஒரு செட்டிங் போட்டுட்டாப் போச்சு. எத்தன நிமிசத்துல நிக்கோணுமுங்க?"

"இருக்கறதுலயே கம்மி எதுங்க?"

"ஒண்ணுங்க."

"அதையவே போட்டுருங்க."

இருபது நிமிடம் இருந்ததை ஒன்றாக்கினீர்கள். ஒரே ஒரு நிமிடம்! சொந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் இப்படிப் போடுவீர்களா? அதோடு விட்டீர்களா? "வேற ஆரும் மாத்திப்போடாம என்ர பேருல பூட்டிட்டேனுங்க" என்று பெருமையாகச் சொல்லி, ஏதாவது சந்தேகம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சீட்டில் உங்கள் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, முதலாளி வாங்கிக்கொடுத்த பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டீர்கள். நான் கொண்டுவந்த டீ ஆறிப்போனது.

அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க். சின்னது சத்தமே போடாது, விண்டோஸ் அதில் இருக்கிறது. பெரியது சுற்றுகிற ஜாதி. பல்லடம் சுற்றுவட்டாரத்தில் ஆறு வருடமாக நடந்த கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு எல்லாம் அதில்தான். இப்போது ஒரு நிமிடம் அதைத் தொடாமல் இருந்தால் சுற்றுவதை நிறுத்திப் படுத்துக்கொள்கிறது. மறுபடி ஒரு படத்தைக் கேட்டால், எழுந்து, சோம்பல் முறித்து, வேகம் பிடித்து, படத்தைத் தேடிக் கொடுப்பதற்குள் திரை அப்படியே உறைந்துவிடுகிறது. மணப்பெண்ணின் மூக்குத்தியைச் சரிசெய்துகொண்டிருப்பேன், பக்கத்துப் படம் எது என்று ஒரு நிமிடம் யோசிப்பேன், அதற்குள் அது தூங்கிவிடும். யோசிக்கிறவர்களுக்கு இந்த உலகத்தில் இடமே இல்லையா?

முதல் வாரத்தில் எல்லோரும் வைரஸ் என்றார்கள். எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து நான்கு தறிக்கு நடுவில் வளர்ந்தவள் நான். இந்தப் பக்கம் சோறு தின்றுகொண்டே மூன்றாவது தறி நின்றுவிட்டது என்று காதாலேயே சொல்லுவேன். அந்தப் பெட்டிக்குள் 'ஙொய்' என்று ஓடுகிற சத்தம் நிற்பதையும், நின்ற பிறகுதான் திரை உறைவதையும் கவனித்தேன். பேப்பரில் எழுதி முதலாளியின் டீ டம்ளருக்கு அடியில் வைத்தேன். படித்துவிட்டு, "இஞ்சினியரு போட்டதப் பத்தாப்பு படிச்சவ கழட்டறியாம்மிணி?" என்று கேட்டுவிட்டு, அதே பேப்பரில் டம்ளரை வைத்தார்.

அந்த டிஸ்க் ஓடுவதற்கு இழுக்கிற கரண்டு, ஸ்டூடியோவில் சாமி படத்துக்கு முன்னால் எரிகிற குட்டி பல்பு இழுக்கிற அளவுகூட வராது. நான் படித்துப் பார்த்துவிட்டேன். நாளெல்லாம் அதை நிறுத்தி நிறுத்தி எழுப்பினால் அதன் ஆயுசுதான் குறையும் என்றும் போட்டிருக்கிறது. இது தெரியாமல் உங்களுக்கு எந்தக் காலேஜில் சர்டிபிகேட் கொடுத்தார்கள்? தெரிந்தே முதலாளியைச் சந்தோஷப்படுத்தப் போட்டீர்கள் என்றால் அது இன்னும் மோசம்.

சரி, நானே மாற்றிவிடலாம் என்று உள்ளே போய்த் தேடினேன். பவர் பிளான், அதற்குள் ஒன்று, அதற்குள் ஒன்று, கடைசியில் 'ஹார்டு டிஸ்க்', அதற்குக் கீழே உங்கள் அருமையான 'ஒன்று'. தொட்டால் மாறவில்லை. மாற்ற வேண்டுமென்றால் 'அருள்' என்று உங்கள் பெயரைப் போட்டுப் பாஸ்வேர்டு கேட்டது. அண்ணியின் பெயரைப் போட்டேன். பாப்பாவின் பெயர், பெரியம்மா வீட்டு நாயின் பெயர், உங்கள் பைக் நம்பர், நீங்கள் அரியர் வைத்த பாடத்தின் பெயர் எல்லாம் போட்டேன். அறுபத்தொரு வார்த்தை. கடைசி ஒன்பதை இங்கே எழுத முடியாது. வழியில் உறை பிரிந்துவிட்டால் தபால்காரர் மனம் புண்படும்.

வேறு வழியில்லாமல் அதைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். பெரிய டிஸ்க்கில் 'தூங்காதே' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, வேலைக்கு நடுவில் கை நிற்கும்போதெல்லாம் ஒரு நிமிடம் ஆவதற்குள் ஒரு புது ஃபைல் திறந்து, ஒரு வரி எழுதிச் சேமிப்பேன். சேமித்தால் டிஸ்க் விழித்துக்கொண்டே இருக்கும். என்ன எழுதுவது என்று யோசிக்க நேரமில்லாததால், வாயில் வராததையெல்லாம் எழுதினேன். எல்லாம் உங்களைப் பற்றித்தான். ஒரு கையில் சோறு, ஒரு கையில் கீபோர்டு. முதலாளி எட்டிப் பார்த்து, "ஏம்மிணி, சும்மா லொட்டு லொட்டுன்னு தட்டிக்கிட்டே இருக்கற? பொத்தானெல்லாம் தேஞ்சுபோகாதா?" என்றார். கரண்டுக்கு அடுத்து இப்போது பொத்தானுக்கும் காவல்.

இப்படியே நான்கு மாதம் ஓட்டிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை வந்த கல்யாணம்தான் என்னை முடித்துவிட்டது.

அவிநாசி ரோட்டில் பெரிய மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் நம் ஸ்டூடியோவின் பழைய வாடிக்கைக்காரர்கள். மேடைக்குப் பக்கத்தில் பன்னிரண்டு அடி உயரத் திரை வைத்து, நிச்சயதார்த்தப் படங்களை ஓட்டச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனோம். மொத்தம் இருபத்துநான்கு படம், சுற்றிச் சுற்றி வரும். அதில் ஒரு படத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆறுச்சாமி, நிச்சயத்தன்று பந்தியில் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருப்பார். மாப்பிள்ளைதான் 'ஜாலிக்கு இருக்கட்டும்' என்று சேர்க்கச் சொன்னது. ஐந்து நொடியில் வந்து போய்விடும், அதனால் யாரும் கவனிக்கவில்லை.

மாப்பிள்ளையின் அக்கா மேடைக்கு வந்ததும், கூடப்பிறந்தவள் மாப்பிள்ளைக்குச் செய்கிற இணைச்சீர்ச் சடங்கு ஆரம்பித்தது. சீர் செய்து வைக்கிற அருமைக்காரர் திடீரென்று மைக்கில், "சனமெல்லாம் அந்த டிவியப் பாக்குது, சீரப் பாக்க ஒருத்தரையும் காணோம். ஆருங்க அது பொட்டிகிட்ட? சித்த நேரம் நிறுத்துங்க" என்றார். மைக்கில் என்னைக் கூப்பிட்டால் நான் எங்கே பார்ப்பேன்? தரையைத்தான் பார்ப்பேன். தரையைப் பார்த்துக்கொண்டே நிறுத்துகிற பொத்தானை அழுத்தினேன். எந்தப் படத்தில் நின்றது என்று பார்க்கவில்லை. இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஒரு மூலையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு எல்லா மூலையிலும் கேட்டது. நிமிர்ந்தேன். பன்னிரண்டு அடியில் பாதி முகம், அந்த முகத்தில் பாதி வாய். உள்ளே கடைவாயில் தங்கப்பல் மின்னியது. முன் வரிசையில் சின்னப் பிள்ளைகள் பல்லை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்த படம் போகும் பொத்தானை அழுத்தினேன். போகவில்லை. டிஸ்க் தூங்கிவிட்டது. மாமனும் தூங்குகிறார், டிஸ்க்கும் தூங்குகிறது, நான் ஒருத்திதான் விழித்துக்கொண்டிருக்கிறேன். மறுபடி மறுபடி அழுத்தினேன். பட்டு வேட்டியும் தலையில் உருமாலையுமாக முதல் வரிசையில் இருந்த ஆறுச்சாமி எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங் அம்மிணி, என்ர வாய எப்ப மூடுவீங்க?"

மண்டபமே அதிர்ந்தது. மாப்பிள்ளையின் அம்மா ராசாத்தாள் மேடையிலிருந்தே, "அண்ணா, நீ வந்து உக்காரு. நாப்பது வருசமா அண்ணி மூட முடியாத வாய அந்தப் புள்ள எப்படி மூடும்?" என்றார்கள். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. திரையில் ஒருத்தர், திரைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி நின்றோம்.

அந்த நேரம் பார்த்து டிஸ்க் விழித்துக்கொண்டது. நான் பதற்றத்தில் அழுத்திய அழுத்தலையெல்லாம் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் ஓட்டியது. தாம்பூலத் தட்டு, மோதிரம், பந்தி, பாட்டுக்கச்சேரி எல்லாம் மின்னல் மாதிரி பறந்து, இருபத்துநான்கு படமும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மிகச் சரியாக ஆறுச்சாமியின் வாயிலேயே வந்து நின்றது. ஜனங்கள் கைதட்டினார்கள். இன்னும் ஒரே ஒரு தடவை அழுத்தினால் போதும். ஆனால் மறுபடி ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடுமோ என்று கையை எடுத்துக்கொண்டேன். தொடலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டு நின்றது சரியாக ஒரு நிமிடம். நீங்கள் போட்ட அதே ஒரு நிமிடம். அது மறுபடி தூங்கிவிட்டது.

முதலாளி ஓடிவந்து திரையின் வயரைப் பிடுங்கினார். அவர் வாழ்க்கையில் தேவைக்காக ஒன்றை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. ஆறுச்சாமி, "அடுத்த மாசம் என்ர பையன் கண்ணாலம். உங்க ஸ்டூடியோப் பக்கம் தல வெச்சும் படுக்க மாட்டேன். படுத்தா அதையும் படம் புடிச்சுப் போடுவீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேனில் திரும்பி வந்தோம். ஸ்டூடியோ வாசலில் இறங்கும்போது முதலாளி சொன்னார்: "வெள்ளிக்கெழம இருந்து நிதீஷுன்னு ஒருத்தரு வாராரு, கண்ணு. கோயமுத்தூர்ல மூணு வருசம் இதையே படிச்சவரு. அவரு பொட்டில உக்காரட்டும். நீ முன்னால மேசைல உக்காந்துக்க. வாரவங்கள 'வாங்க, என்ன வேணுமுங்க'ன்னு கேட்டாப் போதும்."

கேட்டால் போதுமாம்! அண்ணா, நீங்கள் அந்த முன் மேசையைப் பார்த்திருக்கிறீர்கள். கதவு கிடையாது. பஸ் ஸ்டாண்டே எதிரில் இருக்கிறது. ஒரு நாளைக்கு நூறு பேர் வருவார்கள், நூறு பேருக்கும் நான் 'வாங்க' சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் பத்து நிமிடம் பேசச் சொன்னதற்கே படிப்பை விட்டவள் நான். இதையும் விட்டுவிட்டு எங்கே போவேன்? பாவு நூலுக்குப் பின்னால் இப்போது இடமில்லை, அப்பா அங்கே புது இன்வெர்ட்டர் வைத்திருக்கிறார். நீங்க செஞ்சது நல்லாவா இருக்குங்ணா? உங்களுக்கு ஒரு நிமிசத்து வேலை. எனக்கு அந்த நாற்காலியே போயிப்போச்சு.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பாஸ்வேர்டை வாட்ஸப்பில் அனுப்புங்கள். மன்னிப்பு வேண்டாம், விளக்கம் வேண்டாம், ரீஸ்டார்ட் வேண்டாம். பாஸ்வேர்டு மட்டும்.

அண்ணிக்கு என் அன்பு. பாப்பாவுக்குக் கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு முத்தம், பொறுமையாகக் கேட்டதற்காக. பெரியம்மாவின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவச் சொன்னார்கள் அம்மா. மருதமலை முருகன் உங்களுக்கு நல்ல புத்தியையும் எனக்குப் பாஸ்வேர்டையும் கொடுக்கட்டும். உங்களுக்கென்று தனியாக அன்பு எதுவும் இந்தத் தபாலில் வைக்கவில்லை.

தீராத கோபத்துடன்,
அக்ஷயா.

பி.கு.: புதன்கிழமை, சாயங்காலம். ஸ்டாம்ப் ஒட்டிவிட்டேன், இன்னும் பெட்டியில் போடவில்லை. அதற்குள் இதெல்லாம் நடந்துவிட்டது.

நிதீஷ் இரண்டு நாள் முன்னதாகவே இடத்தைப் பார்க்க வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து டிஸ்க்கைத் திறந்ததும் 'தூங்காதே' ஃபோல்டர் கண்ணில் பட்டுவிட்டது. ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ஃபைல். சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். 'அருள் அண்ணா, உங்கள் பைக் பஞ்சர் ஆகட்டும்.' 'அருள் அண்ணா, பஞ்சர் கடையில் பாஸ்வேர்டு கேட்கட்டும்.' முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் கதவுக்குப் பின்னால் செத்துக்கொண்டிருந்தேன். நானூற்றுச் சொச்சமாவது ஃபைலில் 'அந்தப் பாஸ்வேர்டை மட்டும் யாராவது சொல்லுங்களேன்' என்று வந்தது. முதலாளியின் சிரிப்பு நின்றது.

"பாஸ்வேர்டா? அது என்ர கிட்டயே இருக்குதே" என்று பர்சிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். பொங்கலன்று நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டு. மேலே உங்கள் போன் நம்பர். அதற்குக் கீழே: 'பாஸ்வேர்டு எதுவும் வைக்கவில்லை. கேட்டால் ஒன்றும் எழுதாமல் எண்டர் தட்டவும்.'

"நாலு மாசமா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமல்ல அம்மிணி?" என்றார் முதலாளி. ஊரில் எல்லோரிடமும் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்தால் திறந்துவிடுகிற அந்த ஒரே பெட்டியிடம் மட்டும் அறுபத்தொரு வார்த்தை பேசியிருக்கிறேன்.

நிதீஷை எழுந்திருக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். உட்கார்ந்தேன். எண்டர் தட்டினேன். திறந்தது. 'ஒன்று' இருந்த இடத்தில் பூஜ்ஜியம் போட்டேன். பூஜ்ஜியம் போட்டால் எப்போதுமே நிற்காது என்று அர்த்தம் என்பது உங்களுக்குத் தெரியும். முதலாளி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போடவில்லை.

"என்ன போட்ட கண்ணு, பூஜ்ஜியமா?"

"ம்" என்றேன்.

"பாருங்க நிதீஷு! இஞ்சினியரு ஒரு நிமிசத்துலதான் நிறுத்துனாரு. என்ர பத்தாப்பு படிச்ச புள்ள பூஜ்ஜியத்துலயே நிறுத்திப்போட்டா! இனி கரண்டு எப்படி இழுக்கும்னு பாக்கறேன்!"

நிதீஷுக்கு உண்மை தெரியும். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் முதலாளியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டார். பெட்டி எனக்கே என்று முதலாளி சொல்லிவிட்டார், வெள்ளிக்கிழமையிலிருந்து முன் மேசையில் நிதீஷ்தான் உட்காருவார். எனக்கு நாற்காலி, கதவு, 'ஙொய்' என்று நிற்காமல் ஓடுகிற டிஸ்க். நாளைக்கு ஆறுச்சாமி வாயை மூடிக்கொண்டிருக்கும் படங்களாகத் தேடி ஒரு ஆல்பம் அமைத்து, முதலாளி கையில் கொடுத்தனுப்பப் போகிறேன். இதுவரை இரண்டுதான் கிடைத்திருக்கிறது.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் படிக்க வேண்டாம். ஸ்டாம்ப் வீணாகக் கூடாது என்றுதான் அனுப்புகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். பூஜ்ஜியம் சரிதானா என்று முதலாளி உங்களுக்கு மெசேஜ் அனுப்புவார். தயவுசெய்து எதையும் விளக்காதீர்கள் அண்ணா. அந்தக் கட்டைவிரலை மட்டும் அனுப்புங்கள்.